எல்லாவற்றையும் நகர்த்தவா?

அடுப்பு மேடையில் கிடந்த தோசைத் துண்டுதான் முதலில் நிர்மலாதேவியின் கண்ணில் உறுத்தியது. பள்ளிக்கூட வேன் வந்துவிட்டதென்று மகள் அபிதா பாதி கடித்துப் போட்டுவிட்டு ஓடிய துண்டு. அதை எடுத்துப் போடக்கூட நேரமில்லாமல் நிர்மலாவும் வீட்டைப் பூட்டிக்கொண்டு வேலைக்கு வந்துவிட்டாள். இப்போது அது அலுவலகக் கம்ப்யூட்டர் திரையில், அவளுடைய படங்கள் ஃபோல்டருக்குள், ஒரு புகைப்படமாக இருந்தது. துண்டின் ஓரத்தில் எறும்பு ஏறியிருந்தது.

அவள் வீட்டிலிருந்து கிளம்பும்போது எறும்பு இல்லை.

கணவன் பேச்சிராஜா முந்தின நாளே லாரியோடு கொல்லத்துக்குப் போய்விட்டான். வீட்டில் யாரும் கிடையாது. கைப்பைக்குள் துழாவிப் பார்த்தாள். சாவி இருந்தது.

சங்கரன்கோவிலில் விதையும் உரமும் மொத்தமாக விற்கும் அந்த நிறுவனத்தில் பில் போடுவதும், கம்ப்யூட்டர்கள் மக்கர் செய்தால் பார்ப்பதும் அவள் வேலை. யார் எந்த மேசையில் உட்கார்ந்து தன் பாஸ்வேர்டைப் போட்டாலும், அவரவர் ஃபோல்டர்கள் பின்னறையில் இருக்கும் சர்வரிலிருந்து அந்தத் திரைக்கு வந்து நிற்கும். அப்படி வழி திருப்பி வைத்தவளே அவள்தான். அதனால் முதலில் ஃபோல்டர் எங்கே இருக்கிறதென்று திறந்து பார்த்தாள். சர்வரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், அலுவலகத்தில் எந்த மேசையிலும் இல்லாத ஒரு கம்ப்யூட்டரின் பெயர் இருந்தது.

வீடு.

அவள் வீட்டில் கம்ப்யூட்டரே கிடையாது.

“லைசென்ஸ் பேப்பர் எல்லாம் உன் ஃபோல்டர்லதான கெடக்கு, எங்க?” மேனேஜர் சிவனாண்டி பின்னால் வந்து நின்றது அவளுக்குத் தெரியவில்லை.

“காங்கல அண்ணாச்சி. ஃபோல்டர் வேற எங்கயோ திரும்பிக் கெடக்கு.”

“திரும்புனா திருப்பி வையி. இதுக்குத்தான உன்னய வச்சிருக்கு. சாயங்காலத்துக்குள்ள பேப்பர் வரலன்னா நாளைக்கு நீ வராத.”

பக்கத்து மேசையில் யாரோ மூக்கால் சிரித்தார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த அலுவலகத்தில் அவளுக்காகப் பேச ஒருவரும் இல்லையென்பது அவளுக்கு முன்பே தெரியும்.

ஃபோல்டரின் இருப்பிடமாக இருந்த பெயரை அழித்துவிட்டுச் சர்வரின் பெயரைத் தட்டினாள். பழைய இடத்திலிருந்து புதிய இடத்துக்கு எல்லாவற்றையும் நகர்த்தவா என்று திரை கேட்டது. முதலில் வழி சரியாகட்டும் என்று, வேண்டாம் என்பதை அழுத்தினாள். வெளியேறி மறுபடி உள்ளே வந்தாள். மறுபடியும் வீடு. மூன்றாம் முறையும் அதே. மத்தியானத்துக்கு மேல் மேற்கே மலைப்பக்கம் மேகம் கட்டிக்கொண்டு வர, அறைக்குள் வெளிச்சம் சாம்பலாகிப் போயிற்று. பூச்சிமருந்து நெடி தரையிலிருந்து கிளம்பி மூக்கில் ஒட்டிக்கொண்டது. பின்னறையில் சர்வரின் காற்றாடி, தொண்டையில் கோழை கட்டிய ஒருவர் மூச்சிழுப்பதுபோல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

கடைசியில் மேசைக்கடியில் குனிந்து நெட்வொர்க் வயரைப் பிடுங்கினாள். வயர் இல்லாமல் அந்த ஃபோல்டர் திறக்க வழியே இல்லை.

திறந்தது. உள்ளே புதிதாகப் படங்கள் வந்திருந்தன.

கூடத்து நாற்காலி. அபிதாவின் செருப்பு. கதவு திறந்த பீரோ. கட்டிலில் அவளுடைய சேலைகள் ஒவ்வொன்றாக விரித்துப் போடப்பட்டிருந்தன, யாரோ அவசரமில்லாமல் பொறுக்கிப் பார்த்ததுபோல. கடைசிப் படம் பீரோக் கண்ணாடி. படமெடுப்பவள் அதில் தெரிந்தாள். கழுத்தோடு படம் முடிந்திருந்தது. அவளுடைய பச்சைச் சேலை. அவளுடைய வளையல்கள். மணிக்கட்டில், குக்கர் ஆவி பட்டு அவளுக்கு வந்த அதே தழும்பு.

பக்கத்து வீட்டு ஷிரின் பானுவுக்குப் போன் போட்டாள்.

“அக்கா, எங்க வீடு பூட்டித்தான கெடக்கு? கொஞ்சம் எட்டிப் பாருங்களேன்.”

“என்னட்டி வெளையாடுதியா? இப்பதான எங்கிட்ட கறிவேப்பில வாங்கிட்டுப் போனே.”

“நான் ஆபீஸ்ல இருக்கேன்க்கா.”

ஷிரின் பானு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். “நீ அடுக்களைல பாட்டு முணுமுணுக்குதது இங்கன கேக்குது, நிர்மலா. போன்ல யாரு பேசுதது?”

இணைப்பு அறுந்தது.

அபிதாவின் வேன் வரும் நேரம். எழுந்து ஓட வேண்டும் என்று உடம்பு சொன்னது. ஆனால் பழகிய கை வேறு கணக்குப் போட்டது. வழியை மட்டும் மாற்றினால் போதாது. தன்னுடையதெல்லாம் அங்கே கிடக்கிற வரைக்கும் அது திரும்பத் திரும்ப அங்கேதான் போகும். எல்லாவற்றையும் இங்கே இழுத்துக்கொண்டால் அங்கே ஒன்றும் மிஞ்சாது. சர்வரின் பெயரைத் தட்டினாள். எல்லாவற்றையும் நகர்த்தவா?

ஆம்.

பச்சைக் கோடு ஓட ஆரம்பித்தது. வேகமாக. மிக வேகமாக. அது பாதி தாண்டிய பிறகுதான் மேலே எழுதியிருந்ததைப் படித்தாள்.

சர்வரிலிருந்து வீட்டுக்கு.

நிறுத்து என்பதை அழுத்தினாள். அழுத்திக்கொண்டே இருந்தாள். சுவிட்சை அணைத்தாள். திரை அணையவில்லை. கோடு நிறைந்தது. பின்னறையில் மூச்சு நின்றது.

பாஸ்வேர்டு போட்டு உள்ளே நுழைகிறவர்களின் பெயர் வரிசை திரையில் வந்தது. அவள் பெயர் அதில் இல்லை.

“யாரும்மா நீங்க? என்ன வேணும் உங்களுக்கு?”

சிவனாண்டிதான். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு முறைகூட அவளை நீங்க என்று சொன்னதில்லை. முகத்தில் கோபம் இல்லை. கடைக்கு வந்த அந்நியரிடம் காட்டும் மரியாதை மட்டும் இருந்தது.

“அண்ணாச்சி, நான் நிர்மலா.”

“நிர்மலா இன்னைக்கு லீவும்மா. வீட்லதான் இருக்கும். அங்கன போய்ப் பாருங்க.”

ஓடினாள். தூற்றல் விழுந்துகொண்டிருந்தது. பூக்கடைகளின் ஈர வாடையைத் தாண்டி, தேரடியைத் தாண்டி, மூச்சு நெஞ்சில் குத்த ஓடினாள். தெரு முனையில் வேன் அபிதாவை இறக்கிவிட்டுத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. வாசலில் நின்ற ஷிரின் பானு அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தன் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சாவி பூட்டுக்குள் நுழைந்தது. திரும்பவில்லை.

சுவரோரமாக நடந்து சன்னலுக்குப் போனாள். உள்ளே விளக்கு எரிந்தது. கறிவேப்பிலை தாளித்த வாசம். அபிதா யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு எதிரே, சன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பச்சைச் சேலை. ஒரு கை சோற்றை உருட்டியது. ஊட்டியது. உருட்டியது.

அபிதா நிமிர்ந்தாள். சன்னலைப் பார்த்தாள்.

அந்தக் கண்களுக்கு அம்மாவைத் தெரிந்தது. ஊரில் ஒருவருக்கும் தெரியாதது அந்தப் பிள்ளைக்குத் தெரிந்தது. ஆனால் அவள் எழுந்திருக்கவில்லை. கூப்பிடவில்லை. சத்தமில்லாமல் கண்ணீர் வழிந்து கன்னத்தில் ஒட்டியிருந்த சோற்றுப் பருக்கையில் இறங்கியது. இரண்டு கன்னமும் விம்மிப் புடைத்திருந்தன. அவள் எதையும் மெல்லவில்லை. மெல்ல இடமில்லை.

“அங்க என்ன பாக்க, மக்கா?” நிர்மலாவின் குரல். உள்ளேயிருந்து. “ஆ காட்டு.”

பிள்ளை வாயைத் திறந்தாள்.

கை அடுத்த உருண்டையை உருட்டியது.