எதிர்ப்பக்கத்து நாற்காலி

"புருஷன் உக்கார்ற நாற்காலியையே பிடுங்கி உக்காரப் போறியாமே... நல்லா இருக்கும்மா, ரொம்ப நல்லா இருக்கு!"

அன்றைக்குக் காலையில் அந்த வீட்டில் விழுந்த முதல் வார்த்தையே இதுதான். சொன்னவர் மாமியார். சொல்லிவிட்டு ரொட்டியில் வெண்ணெய் தடவினார். தடவிய வேகத்தில் ரொட்டி இரண்டாகக் கிழிந்தது.

மருமகள், பால் பொங்கிவிடப் போகிறதே என்று காவல் காப்பவள்போல் அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். அடுப்பை அணைத்து வெகு நேரமாகியிருந்தது.

செய்தியைச் சுடச்சுட வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தது நாத்தனார். அண்ணனின் இசைக்குழுவில் முரசு வாசிப்பவரின் மனைவி விடிந்ததும் விடியாததுமாகப் போன் பண்ணிச் சொன்னாளாம்.

"அண்ணன் இனிமே ரெண்டாவது வயலினாம். அண்ணிதான் முதல் நாற்காலியாம். புது மேடம் நேத்து சாயங்காலம் முடிவு பண்ணிட்டாங்களாம். ஏன் அண்ணி, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வாய் வலிச்சிருக்குமா?"

அந்த வீட்டில் கணவன், மனைவி இரண்டு பேருமே வயலின்காரர்கள். ஊரின் பெரிய சிம்பொனி குழுவில் ஒரே இசைத்தாள் ஸ்டாண்டைப் பார்த்து வாசிப்பவர்கள். அந்தக் குழுவில் வயலின்கள் இரண்டு அணி. முதல் அணியின் தலைவன், கண்டக்டரின் இடது கைப்பக்கம், சபைக்கு நேர் முன்னால் உட்காருவான். (கண்டக்டர் என்றதும் டிக்கெட் கிழிப்பவரை நினைத்துவிட வேண்டாம், குச்சியை வைத்துக்கொண்டு மொத்தக் குழுவையும் ஆட்டிவைப்பவர்.) தலைவன் மேடைக்கு வந்தாலே சபை கைதட்டும். அந்தக் கைதட்டல் மகனுக்கு என்று மாமியார் ஒருநாளும் நினைத்ததில்லை. பெற்றவளுக்கு என்றே எடுத்துக்கொண்டு, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தபடி அக்கம்பக்கத்தாருக்குத் தலையசைப்பார்.

அந்த நாற்காலிதான் இப்போது பறிபோகிறது. அதுவும் மருமகளுக்கு!

"இத்தனை வருஷம் அவன் நிழல்லயே காலத்தை ஓட்டினே. ரெண்டாவது அணிக்குத் தலைமை ஏத்துக்கோன்னு ரெண்டு தடவை கூப்பிட்டாங்க, மாட்டேன்னுட்டே. சோம்பேறின்னு நெனச்சோம். இப்பல்ல புரியுது, நீ குறி வெச்சது எதுக்குன்னு!"

மருமகளிடம் சொல்வதற்குப் பதில் இருந்தது. சொல்லக் கூடாது என்பதுதான் கஷ்டம்.

கல்யாணமான புதிதில் அவளுக்குக் கணவன் வைத்த பெயர் 'கேள்வி'. பஸ் ஏன் அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு போகிறது, பக்கத்து வீட்டு நாய் ஏன் தபால்காரரை விட்டுவிட்டு மீட்டர் பார்க்க வருகிறவரை மட்டும் குரைக்கிறது, எல்லாம் அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். அந்தக் குணத்தால்தான் சில வருடங்களுக்கு முன்பு ஒரு விஷயம் அவள் கண்ணில் பட்டது. சாப்பாட்டு மேஜையில் தங்கை முணுமுணுத்தால்கூட அவனுக்குக் கேட்டது. அம்மா கத்தினாலும் கேட்கவில்லை. தங்கை உட்கார்வது வலப்பக்கம், அம்மா இடப்பக்கம். அம்மா பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாத மகன் என்று எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. ஒரு பாட்டை முனகிக்கொண்டே அவனைச் சுற்றித் துணி மடிப்பதுபோல் நடந்து பார்த்தாள். இடப்பக்கம் போனபோதெல்லாம் அவன் பாட்டுக்குப் பேப்பர் படித்தான். வலப்பக்கம் வந்தால், "என்ன பாட்டு அது?" என்றான்.

டாக்டரும் அதையே சொன்னார். சின்ன வயதிலிருந்து வயலினை இடது தோளில் வைத்து வாசித்தவர். அந்தப் பக்கத்துக் காது அடிவாங்கிவிட்டது என்றார். காதில் வைக்கிற மெஷினைப் போட்டுப் பார்த்தான். வயலின் தகர டப்பா மாதிரி கேட்கிறது என்று கழற்றிவிட்டான்.

"யார்கிட்டயும் சொல்லாதே. முக்கியமா அம்மாகிட்ட" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

பயப்பட வேண்டிய காலம்தான் அது. அப்போதிருந்த கண்டக்டர், பார்வை மங்கிய செல்லோக்காரர் இசைத்தாளில் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டுத் தரக் கேட்டதற்கு, ஓய்வெடுத்துக்கொள்ளுங்கள் என்று வீட்டுக்கே அனுப்பிவிட்டார். குறை உள்ளவருக்கு மேடையில் இடமில்லை என்பது அவர் கொள்கை.

அன்றிலிருந்து அவளே அவனுக்கு இடது காது. அவனுக்கு இடப்பக்கத்தில்தானே அவள் நாற்காலி? அதற்கும் அந்தப் பக்கம்தான் மற்ற வாத்தியங்கள் எல்லாம். எங்கே குழல் நுழைகிறது, எங்கே கொம்பு நீட்டி முழக்குகிறது என்று கேட்டு, செருப்பு நுனியால் அவன் செருப்பைத் தொடுவாள். அவன் வில்லை எடுப்பான். இதை விட்டுவிட்டு எந்த அணிக்குத் தலைமை ஏற்கப் போவாள்?

அப்புறம் இந்தப் புது மேடம் வந்தார். வந்த வாரமே எல்லோரையும் கூப்பிட்டு, "எதை மாத்தினா உங்களால இன்னும் நல்லா வாசிக்க முடியும்?" என்று ஒரு கேள்வி கேட்டார். யாரும் முதலில் நம்பவில்லை. சக்கர நாற்காலியில் வரும் டிராம்போன் ஊதுகிற பெண்ணுக்கு மேடையில் சரிவுப் பலகை வந்தது. வீட்டுக்கு அனுப்பப்பட்ட செல்லோக்காரர் பெரிய எழுத்துத் தாள்களோடு திரும்பி வந்தார். கைக்குழந்தைக்காரிக்கு ஒத்திகை நேரம் மாறியது. இதையெல்லாம் பார்த்து மருமகளுக்கும் நாக்கு துறுதுறுத்தது. ஆனால் கணவனுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறாளே!

ரொம்ப நாளாகவே ஒரு கேள்வி அவளைக் குடைந்துகொண்டிருந்தது. மேடையில் அவனுடைய நல்ல காது எந்தப் பக்கம் இருக்கிறது? சபைப் பக்கம்! யார் இருமுகிறார்கள், யார் மிட்டாய்க் காகிதத்தைப் பிரிக்கிறார்கள் என்பதெல்லாம் அவனுக்குத் துல்லியமாகக் கேட்கும். பக்கத்திலேயே முழங்கும் குழு கேட்காது. அதே மனிதன் எதிர்ப்பக்கத்தில், மேடத்தின் வலது கைப்பக்கம் உட்கார்ந்தால்?

போன வாரம் மேடத்தைத் தனியாகப் பார்த்து, யார் பெயரையும் எடுக்காமல் கேட்டாள். "ரெண்டாவது வயலினையெல்லாம் எதிர்ப்பக்கம் உக்கார வெச்சா என்ன ஆகும் மேடம்?"

"அந்தக் காலத்துல அப்படித்தான் உக்காருவாங்க. செஞ்சு பாக்கலாமே" என்றார் மேடம். "அந்தப் பக்கத்துக்கு யாரைத் தலைவரா போடலாம்?"

அவள் கணவனைச் சொன்னாள். காரணம் எதையும் கேட்காமல் மேடம் அதைக் குறித்துக்கொண்டார். "சரி. அப்ப முதல் நாற்காலி உங்களுக்கு."

அதை அவள் யோசித்திருக்கவே இல்லை... ஆனாலும் அந்த வார்த்தையைக் கேட்டதும் நெஞ்சுக்குள் ஏதோ துள்ளிக் குதித்தது என்னவோ உண்மை. மேடம் முறையாகச் சொல்லும்வரை அவனிடம் எப்படிப் பேச்சை எடுப்பது என்று தெரியாமல் தள்ளிப்போட்டாள். அதுதான் அவள் செய்த தப்பு.

அறைக்குள் அவன் கண்ணாடி முன்னால் நின்றிருந்தான். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தான். அவள் வலப்பக்கமாகப் போய் நின்றாள்.

"சொல்லிட்டியா?" என்றான்.

"இல்லீங்க! உங்க பேருல ஒரு குறையும் சொல்லலை. எதிர்ப்பக்கம் உக்காந்தா என்ன ஆகும்னு ஒரு கேள்விதான்..."

"கேள்வி! உன் கேள்வியில என் பொழப்பே போச்சு."

"அந்தப் பக்கம் உக்காந்தா உங்களுக்கு எல்லாம் கேக்கும்ங்க... ஒரே ஒரு நாள் உக்காந்து பாருங்க."

"எனக்கு எதுவும் கேக்க வேணாம். நீ பக்கத்துல இருக்கேங்கிற தைரியத்துலதான் இத்தனை வருஷம் வாசிச்சேன்." அவன் பொத்தானைக் கழற்றி மறுபடியும் தப்பாகவே போட்டான். "நாற்காலிதான் வேணும்னு நேரா கேட்டிருந்தா நானே எழுந்து கொடுத்திருப்பேனே..."

அடித்திருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். அன்றைக்கு நெஞ்சுக்குள் துள்ளியது நினைவுக்கு வந்தது.

"நான் இன்னைக்கு ஒத்திகைக்கு வரலை" என்று அவன் கட்டிலில் உட்கார்ந்தான்.

ஆனால் அம்மா விடுவாரா? "தப்பு பண்ணாதவன் எதுக்குடா ஒளியணும்? கெளம்பு! அந்த மேடத்தை நானே நேர்ல பாத்து நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கறேன்" என்று புடவை மாற்றிக்கொண்டு வந்துவிட்டார். நாத்தனாரும் சேர்ந்துகொண்டாள். நான்கு பேரும் ஒரே வண்டியில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் போனார்கள்.

அரங்கில் வயலின்காரர்கள் வில்லுக்குக் குங்கிலியப் பிசின் தடவிக்கொண்டிருந்தார்கள். மாமியார் நேராக மேடை ஓரத்துக்கே போய்விட்டார்.

"என் பிள்ளை என்ன தப்பு பண்ணினான்? சொல்லுங்க!"

"ஒரு தப்பும் பண்ணலைம்மா. ஒரு தடவை வாசிச்சு முடிக்கட்டும். அப்புறம் நீங்க என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன்" என்று மேடம் பணிவாகவே சொல்லி, முதல் வரிசையில் இடம் காட்டினார்.

அவள் முதல் நாற்காலியில் உட்கார்ந்தாள். முள்ளின்மேல் உட்கார்ந்ததுபோல் இருந்தது. வலப்பக்கம் சபை, வெறும் காற்று. எதிரே, மேடையின் அந்தக் கரையில், அவன் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தான். அவன் செருப்பு அவள் செருப்புக்கு எட்டாது. தடுமாறிவிட்டால்? இத்தனை பேர் முன்னால் வெளிப்பட்டுவிட்டால்? எல்லாம் தன்னால் வந்த வினை.

குச்சி உயர்ந்தது. ஆரம்பித்தார்கள்.

முதல் பக்கம் தாண்டியது. அவன் தடுமாறவில்லை. இரண்டாவது பக்கத்தில் அவன் தலை மெல்ல வலப்பக்கம் சாய்ந்தது, யாரோ கூப்பிட்டதுபோல. மூன்றாவது பக்கத்தில் அவன் வில் காற்றிலேயே நின்றுவிட்டது. தலைவன் நிறுத்தியதும் அவன் பின்னால் இருந்தவர்கள் நிறுத்தினார்கள். ஒவ்வொருவராகக் குழு முழுக்க நின்றுபோயிற்று.

"என்ன ஆச்சு?" என்றார் மேடம்.

அவன் பின்பக்கம் திரும்பி, ஆளுயரக் குழலான பாசூனைப் பிடித்திருந்த தடித்த மனிதரைப் பார்த்தான்.

"மன்னிக்கணும்... நீங்க இப்ப வாசிச்சீங்களே, கீழேருந்து ஏறி வர்ற மாதிரி ஒண்ணு... அது எப்பவுமே அங்க உண்டா?"

"உண்டாவா? இந்தக் குழுவுல சேர்ந்த நாள்லேருந்து வாசிக்கிறேன் சார்!" என்றார் பாசூன்காரர்.

குழு முழுவதும் கொல்லென்று சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. அவன் கண் நிறைந்திருந்ததைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கியது.

"எவ்வளவு அழகா இருக்கு அது..." என்றான். "எத்தனையோ தடவை இதை வாசிச்சிருக்கேன். அது அங்க இருக்குன்னே எனக்குத் தெரியாது."

மறைக்க இனி என்ன இருக்கிறது? அவன் எழுந்து நின்றான். பேசியது மேடத்திடம் அல்ல, முதல் வரிசையிடம்.

"அம்மா... எனக்கு இடது காது கேக்காதும்மா. ரொம்ப வருஷமா கேக்காது. உன் பேச்சைக் காதுல வாங்காம இருந்தேனே, திமிர் இல்லம்மா, கேக்கலை. பக்கத்துல உக்காந்து எனக்குக் காதா இருந்தவ இவ. அதுக்காகத்தான் வந்த பதவியையெல்லாம் வேணாம்னா. நீங்க திட்டினப்போ இவ வாயைத் திறக்காததும் எனக்காகத்தான். காலையில நானும் சேர்ந்து இவளை வார்த்தையால குத்திட்டேன்..."

மாமியார் எழுந்தார். சரிவுப் பலகை வழியாக, கம்பியைப் பிடித்து மேடைக்கு ஏறினார். மகனிடம் போகப் போகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் முதல் நாற்காலிக்குப் போனார்.

"வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்தே? நான் பேசினப்போ ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லக் கூடாதா? இப்படி எல்லாத்தையும் வாங்கிக் கட்டிக்கிட்டு நிப்பியா ஒருத்தி?" என்று திட்டியபடியே மருமகளின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். "சோம்பேறின்னு சொல்லிட்டேனே... பாவி நான், சோம்பேறின்னு சொல்லிட்டேனே!"

"விடுங்க அத்தை... வில்லு உடைஞ்சிடும்" என்றாள் அவள். சொல்லிவிட்டு அவளும் அழுதாள். கீழே நாத்தனார், அம்மாவின் கைப்பையிலிருந்த கைக்குட்டையை எடுத்துத் தன் மூக்கைச் சிந்திக்கொண்டாள்.

மேடம் எல்லோருக்கும் நேரம் கொடுத்தார். பிறகு, "அம்மா, நாலு கேள்வி கேக்கணும்னு சொன்னீங்களே?" என்றார்.

"ஒண்ணுதான் கேக்கணும்" என்றார் மாமியார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இது ஏன் யாருக்கும் முன்னாடியே தோணலை?"

மேடம் குச்சியைக் கையில் எடுத்துக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து தொடங்கலாம் என்றார்.

தொடங்குவதற்கு முதல் வயலின் மூச்சிழுத்துத் தலையசைக்க வேண்டும். அவள் வில்லை நரம்பில் வைத்து, எதிரே பார்த்தாள். அப்போதுதான் அது அவளுக்கு உறைத்தது. வருடக்கணக்காகப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே தாளைப் பார்த்து வாசித்தவர்கள். மேடையில் வாசிக்கும்போது அவன் முகம் எப்படி இருக்கும் என்று அவள் ஒருநாள்கூடப் பார்த்ததில்லை. இப்போது நேர் எதிரே இருந்தது. புருவத்தை உயர்த்தி, உதட்டைக் கடித்து, பள்ளிக்கூடத்தில் முதல் நாள் உட்கார்ந்த பையன் முகம்.

அவளுக்குத் திரும்பவும் கண்ணீர் கண்ணை மறைத்துக்கொண்டு வந்தது. எதிர்க்கரையிலிருந்து அவன் மெதுவாகச் சொன்னான்.

"அவசரமில்லை. நீ எடு... எனக்குக் கேக்கும்."

அவள் மூச்சை இழுத்தாள்.