ஐந்தாவது கட்டம்

லாட்ஜில் கேமரா நாலுதான். திரையில் ஐந்து கட்டம் இருந்தது.

உமாராணி முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தென்காசியில் பதினோரு வருஷமாகக் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறவள்; வைரஸ் செய்யாத சேட்டையா? ஐந்தருவி ரோட்டில் இருக்கிற இந்த லாட்ஜுக்கு நேற்றுதான் வந்து, ஆன் செய்ததுமே தானாக ஓடிய ஒரு புரோகிராமை அழித்துவிட்டுப் போனாள். இன்று அது சொந்த வீடு மாதிரி மறுபடி வந்து உட்கார்ந்திருக்கிறது.

"சரி பண்ணிட்டேன்னு சொல்லிட்டுத்தான போன?" மேனேஜர் தில்லைநாயகம் மேசையைத் தட்டினார். "சீசன் நேரம். வாசல்ல ஆளு நிக்குது. என்ன வேல பாக்குதியோ!"

"பாக்குதேன் அண்ணாச்சி. பின்னால படிக்கட்டுல கேமரா வச்சிருக்கியளா?"

"அங்கன ஏதும்மா கேமரா?"

ஆனால் ஐந்தாவது கட்டத்தில் அந்தப் படிக்கட்டுதான் தெரிந்தது. வெளியே சாரல் விடாமல் தூறிக்கொண்டிருக்க, ஈரத் துண்டும் மசாஜ் எண்ணெயும் கலந்த வாடை அந்தச் சின்ன ஆபீஸ் அறையை அடைத்துக்கொண்டிருக்க, பாசி படிந்த படிகளைச் சிறுபிள்ளை உயரத்திலிருந்து யாரோ பார்ப்பதுபோல அந்தப் படம் மட்டும் லேசாக ஆடிக்கொண்டே இருந்தது. மற்ற நாலும் அசையவில்லை.

புரோகிராமை அழித்தாள். ரீஸ்டார்ட் கொடுத்தாள். கறுப்புத் திரை, பிழைச் செய்தி, பிறகு அதே ஐந்து கட்டம். இப்போது கடைசியில் தென்காசி பஸ் ஸ்டாண்டு. அதே உயரம். அதே ஆட்டம்.

எரிச்சல் வந்தது. சேஃப் மோடில் போய்த் தோண்டித் துருவி அழித்தாள். பென்டிரைவைச் செருகி ஸ்கேன் ஓட்டினாள். ஒன்றுமே இல்லை, சுத்தம் என்றது. மறுபடி ரீஸ்டார்ட்.

அவள் தெருமுனைத் தண்ணீர்த் தொட்டி. பக்கத்தில், காலையில் அவள் பார்த்துவிட்டு வந்த அதே உடைந்த நீலக் குடம்.

அணைத்துப் போடுகிற ஒவ்வொரு தடவையும் அது கிட்டே போகிறது. எங்கே என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. நேற்று இங்கே செருகிய இதே பென்டிரைவைத்தான் ராத்திரி வீட்டுக் கம்ப்யூட்டரில் செருகி, தங்கச்சி பார்க்கப் படம் ஏற்றிக் கொடுத்தாள். ஊர் சுற்றிய பென்டிரைவை அப்படியே போடாதீர்கள் என்று ஊருக்கெல்லாம் வாய் வலிக்கச் சொல்கிறவள்தான். ஸ்ரீவித்யா தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். எட்டாம் மாசம். வீட்டில் வேறு யாரும் இல்லை.

இனித் தொடக் கூடாது. கையை இழுத்துக்கொண்டாள்.

"என்னம்மா முழிச்சிக்கிட்டு இருக்க? ஆஃப் பண்ணிப் போட்டா சரியாயிரும்." தில்லைநாயகம் எட்டிப் பட்டனை அமுக்கினார்.

"அண்ணாச்சி, வேண்டாம்!"

கறுப்பு. பிறகு ஐந்து கட்டம். கடைசியில் அவள் வீட்டு வாசல். கதவு திறந்திருந்தது. படியில் ஸ்ரீவித்யாவின் செருப்பு. செருப்பைச் சுற்றித் தண்ணீர்.

தங்கச்சிக்குப் போன் போட்டாள்.

"யக்கா, நானே கூப்பிடணும்னு இருந்தேன். படம் பாதியில நின்னுபோச்சு. அஞ்சு கட்டம் வருது. ஒண்ணுல நம்ம வாசல் தெரியுது. கேமரா எப்ப வச்ச?"

"ஏட்டி, கதவ அடை. சிஸ்டத்தத் தொடாத."

"நீதான எல்லார்ட்டயும் சொல்லுவ, ஆஃப் பண்ணிப் போட்டா சரியாயிரும்னு. இப்பத்தான் அமுக்குனேன்."

லாட்ஜ் திரையில் ஐந்தாவது கட்டம் அணைந்தது.

தில்லைநாயகம் ஏதோ கத்திக்கொண்டிருந்தார். அவள் காதில் ஏறவில்லை.

கட்டம் மறுபடி ஒளிர்ந்தது.

நாற்காலி. தங்கச்சியின் முதுகு. காதில் போன். இன்னொரு கை வயிற்றின் மேல்.

"யக்கா..." திரையில் தங்கச்சியின் தலை குனிந்தது. "காலுக்குக் கீழ ஒரே தண்ணியா இருக்கு. பனிக்குடம் ஒடஞ்சிட்டோ?"

"வித்யா. திரும்பாத. எந்திரி. ஓடு."

படம் ஆடவில்லை இப்போது. நின்றுவிட்டது.

கட்டத்தின் அடியிலிருந்து இரண்டு சின்னக் கைகள் மேலே வந்தன. வெகுநாள் தண்ணீரில் கிடந்து வெளுத்து ஊறிய கைகள். அவசரமே இல்லாமல் நாற்காலியின் இரண்டு பக்கமும் நீண்டு, தங்கச்சியின் கையை மெல்ல விலக்கிவிட்டு, அந்த வயிற்றைக் கட்டிக்கொண்டன.