பன்னிரண்டாவது எச்சரிக்கை

சோடா புட்டியைக் கைதவறி உடைத்தவன் அருமைநாயகம். அந்தச் சில்லில் தன் உள்ளங்கையையும் தம்பியின் உள்ளங்கையையும் கிழித்தவனும் அவனே. இரண்டு காயத்திலும் சவ்வுத்தையல் மருந்தைப் பீய்ச்சியவனும் அவன்தான். அதோடு நிறுத்தியிருக்கலாம். "மன்னிச்சிருல" என்று தம்பியின் கையைப் பிடித்தான். இரண்டு நிமிடம் கழித்து விடப் பார்த்தால், கை வரவில்லை.

சவ்வுத்தையல் வந்தபின் தூத்துக்குடியில் யாரும் காயத்துக்குக் கட்டுப் போடுவதில்லை. மீன் வெட்டுகிறவர்கள் இடுப்பில் ஒரு குப்பி செருகியிருப்பார்கள். பீய்ச்சினால் கிழிந்த செல்களின் சவ்வை இழுத்து மூடிவிடும். ஓர் ஆளை இன்னோர் ஆளோடு ஒட்டாது; மரபணு வேறென்றால் விலகிக்கொள்ளும். ஒரே கருவில் பிறந்த இரட்டையரிடம் மட்டும் அதற்கு ஆள் அடையாளம் தெரியாது. குப்பியோடு வரும் தாளில் இது பன்னிரண்டாவது எச்சரிக்கையாக இருந்தது. 'இடமில்லை, எத்தனை பேருக்கு இது நடக்கப்போகிறது' என்று அதை அடித்துவிட்ட தமிழ்ப் பதிப்புப் பொறுப்பாளர், சாட்சாத் அருமைநாயகம். தனக்கு நான்கு நிமிடம் பிந்திப் பிறந்த ஆசீர்நாயகம் என்றொரு தம்பி இருப்பது அன்று அவன் ஞாபகத்துக்கே வரவில்லை.

ஆசீர் மாலை ஐந்து மணிக்குக் கப்பலேற வேண்டும். கடலடியில் தகவல் கம்பி பதிக்கும் கப்பல். மூன்று வருட வேலை. தவறவிட்டால் வேறு ஆள் ஏறிவிடுவான். இப்போது மணி மூன்று.

மருத்துவர் பூரணம் ஒட்டிய கைகளைக் கண்ணாடிக்கடியில் வைத்துப் பார்த்தார். "வலிக்குதா?" என்று ஆசீரைக் கேட்டார்.

"அவனுக்கு வலிக்கல டாக்டர்," என்றான் அருமை. "பிரிச்சு விட்டுருவீங்கள்லா?"

"பார்க்கலாம் சார்."

இந்த மாதிரிப் பதில் அருமைக்குப் பழக்கம்தான். எதற்குப் போகிறாய் என்று ஆறு மாதமாகக் கேட்கிறான். "சும்மாதாம்ல" என்பதைத் தாண்டி ஆசீர் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"கத்தியால அறுத்தா?" என்று மருத்துவரைக் கேட்டான் அருமை.

"நரம்பும் சேர்ந்துட்டுது. ரெண்டு பேருக்கும் கை மரத்துப்போகும்."

மரத்த கைக்குக் கப்பலில் வேலையில்லை. பூரணம் ஆசீரின் இடது கையில் ஊசி மருந்தை ஏற்றி, இருவர் மணிக்கட்டிலும் ஒரு பதற்றமானியைக் கட்டினார்.

"இது தைக்கிற மருந்துன்னுதான் எல்லாரும் நினைக்கிறாங்க," என்றார். "இதுல இருக்கிறது வளையப்புரதம். நம்ம மாதிரி உயிரெல்லாம் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே, கண்ணுக்குத் தெரியாத ஆதி உயிர்கள்ட்ட இருந்தது. அப்பவே அதுக்கு வேலை, ஒரு செல் ரெண்டாகும்போது நடுக்கழுத்தைச் சுத்தி இறுக்கி அறுத்து விடறது. கிழிசல் தைக்கறதெல்லாம் பின்னாடி கத்துக்கிட்டது."

"அப்ப பழைய வேலையப் பார்க்கச் சொல்லுங்க."

"சொல்லியாச்சு, இந்த ஊசி அதுக்குத்தான். ஆனா ரெண்டு பக்கமும் அமைதியா இருந்தாத்தான் அறுக்கும். ஒரு பக்கம் பதறினாலும் வளையம் பாதியில நின்னுரும்."

தம்பியின் மானி பன்னிரண்டு காட்டியது. அருமையின் மானி தொண்ணூற்றொன்று.

"பதறாம இருங்க சார்."

தொண்ணூற்று நான்கு.

அருமை மூச்சை எண்ணினான். கண்ணை மூடி ஜெபித்தான். பெருக்கல் வாய்ப்பாடு சொன்னான். தம்பி கப்பலேற வேண்டும் என்று மனதார விரும்பினான். அந்தச் செய்தி உள்ளங்கைக்குப் போய்ச் சேர்ந்ததாகத் தெரியவில்லை.

"எச்சரிக்கை எழுதுதவம்லா நீ?" என்றான் ஆசீர். "உனக்கும் ஒண்ணு எழுதிக்கோ."

மணி நான்கைத் தாண்டியது. ஆசீரின் சட்டைப்பைக் கைபேசியில் கப்பல்காரர்கள் மூன்றாவது முறையாக அழைத்தார்கள். அவனால் எடுக்க முடியவில்லை; வலது கை அண்ணனிடம் இருந்தது, இடது கையில் ஊசிக் குழாய்.

"ஏல," என்றான் அருமை. "என்னைய விட்டுப் போகணும்னுதான் போறியா?"

"கடக்காத்து உடம்புக்கு நல்லதாம்."

"ஆசீரு."

ஆசீர் ஒட்டிய கைகளையே பார்த்தான். எது யாருடைய விரல் என்று எண்ணிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

"ஆமா," என்றான்.

அது வாயை விட்டு வந்ததும் மிச்சமும் பின்னாலேயே வந்தது.

"நாப்பத்திரெண்டு வருசமா நான் வாயத் தொறக்குமுன்ன நீ பேசிருத. பொண்ணு பாக்கப் போன எடத்துல, பிடிச்சிருக்கான்னு எங்கிட்டக் கேட்டாவ, பிடிச்சிருக்குன்னு நீ சொல்லிட்ட. எனக்குப் பிடிக்கலன்னு சொல்ல எனக்கு ரெண்டு வருசமாச்சு. உம்மேல கோவம்லாம் இல்லல. நீ பக்கத்துல இருந்தா எனக்கு என்ன வேணும்னு எனக்கே தெரிய மாட்டேங்கு."

பூரணம் மானியைப் பார்த்து மெல்லச் சொன்னார்: "இறங்குது. அசையாதீங்க."

எழுபது. ஐம்பத்தெட்டு. இத்தனை மோசமான சேதிக்கு உடம்பு ஏன் ஆறுகிறது என்று அருமைக்கு விளங்கவில்லை. உள்ளங்கை நடுவில் எறும்பு ஊர்வதுபோல் சுருக்கென்றது. சுண்டுவிரல் பக்கம் காற்றுப் பட்டது.

"அப்ப, வழியனுப்ப நான்..." என்று ஆரம்பித்தான்.

"வராத," என்றான் ஆசீர். "நீ கரையில நின்னா நான் ஏற மாட்டேன்."