பாடிக் கெடுத்த பறவை!

"ஐயோ... டாக்டர்!"

ஆற்றின் மேல் படிந்திருந்த பனி இன்னும் விலகவில்லை. அதற்குள் விடுதிச் சமையல்காரியின் அலறல் எழுந்துவிட்டது.

படகுத்துறைப் படிக்கட்டுக்குக் கீழே, முழங்கால் அளவு தண்ணீரில், டாக்டர் விம் டெர்ப்ஸ்ட்ரா குப்புறக் கிடந்தார்.

பின்மண்டை பிளந்திருந்தது!

ஹாலந்திலிருந்து வந்து, சுரினாம் நாட்டுக் காட்டில், உலகம் பார்த்தே இராத ஒரு பறவையைக் கண்டுபிடித்த மகான். பறவை வலைக்கூண்டில் சௌக்கியமாக இருந்தது. கண்டுபிடித்தவர்தான் இல்லை.

தலைநகர் பாராமரிபோவிலிருந்து இன்ஸ்பெக்டர் ரூஸ்மினி வந்து சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. ரோடு முடிகிற இடம் வரை ஜீப். அதற்கப்புறம் படகு. நனைந்த பேண்ட்டோடு கரையேறியவளுக்கு கான்ஸ்டபிள் பினாஸ் சல்யூட் அடித்தான்.

"கேஸ் முடிஞ்சுது மேடம்!"

"நான் வர்றதுக்குள்ளேயா?"

"கொலைகாரன் ரெடி. படகோட்டி ஆமொய்தா. அவன் துடுப்பு பிணத்துக்குப் பக்கத்துலயே கிடந்தது... ரத்தத்தோட! கைப்பிடியில அவன் பேரே செதுக்கியிருக்கு."

"போட்டோவும் ஒட்டியிருக்கா?"

"மேடம்...?"

"பேர் போட்ட துடுப்பால அடிச்சு, அதைப் பிணத்துக்குக் காவல் வெச்சிட்டு, வீட்டுக்குப் போய்த் தூங்கினானாக்கும்? இது கொலையா பினாஸ், இல்லை விசிட்டிங் கார்டா?"

பினாஸ் தலையைச் சொறிந்தான். அவனுக்கு அது ஒன்றுதான் தெரிந்த பதில்.

விடுதி முதலாளி பிசேசர் ஓடி வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. கண்ணில் நீர். கையில் மந்திரிக்கான மாலை.

"மேடம், டாக்டர் எனக்குக் கடவுள் மாதிரி! அந்தப் பாவியை உடனே இழுத்துட்டுப் போயிடுங்க. மத்தியானம் டூரிசம் மந்திரி வர்றார். பறவைக்குத் தபால்தலை வெளியிடறார். டி.வி.யெல்லாம் வருது."

"ஒரு ஆள் செத்துக் கிடக்கார் சார்."

"தெரியும் மேடம். ஆனா டூரிஸ்டுங்க பறவை பார்க்கத்தானே காசு கட்டியிருக்காங்க? பிணம் பேக்கேஜ்ல கிடையாதே!"

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நடந்தாள்.

பெட்ரோல் பீப்பாய்கள் அடுக்கிய கொட்டகையில், கையில் விலங்கோடு உட்கார்ந்திருந்தான் ஆமொய்தா. நாற்பது வயது. ஆற்றங்கரைக் கிராமத்துக்காரன். முன்னால் வைத்திருந்த மரவள்ளி ரொட்டி அப்படியே இருந்தது.

"டாக்டரை எதுக்குப்பா அடிச்சே?"

"நான் அடிக்கல மேடம். என் வாய்தான் அடிச்சிருக்கு."

"புரியற மாதிரி சொல்லு."

"நேத்து சாயங்காலம் முதலாளிகிட்ட ஒரு வார்த்தை சொன்னேன். 'காட்டுப் பறவை, காட்டுப் பறவைங்கறீங்களே... அது நம்ம நகரத்துச் சதுக்கத்துப் பாட்டைல்ல பாடுது'ன்னேன். அவர் முகம் சுண்டிப்போச்சு. நேரா டாக்டர் குடிசைக்குப் போனார். ரெண்டு பேரும் சத்தம் போட்டுக்கிட்டே படகுத்துறைப் பக்கம் நடந்தாங்க. என் துடுப்பு அங்கதான் சாத்தியிருந்தது. நான் வீட்டுக்குப் போயிட்டேன்... காலைல விலங்கு!"

"எந்தப் பாட்டு?"

ஆமொய்தா உதட்டைக் குவித்தான்.

மூன்று ஏற்றம்... ஒரு சறுக்கல்... கடைசியில் வெடுக்கென்று ஒரு வெட்டு!

ரூஸ்மினிக்குப் பல் கூசியது.

தெரியும்! இந்தச் சனியன் பிடித்த பாட்டு அவளுக்கு நன்றாகவே தெரியும்!

பாராமரிபோவில் ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் போதும். ஆண்கள் கூண்டைத் தூக்கிக்கொண்டு சதுக்கத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். கம்பம் நட்டு, கூண்டை மாட்டி, யாருடைய பறவை அதிகம் பாடுகிறது என்று போட்டி. அவளுடைய புருஷனும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தன். குஞ்சுக்குப் பாட்டு பிறவியிலேயே வந்துவிடாது. யார் பாடக் கேட்கிறதோ, அந்தப் பாட்டைத்தான் பிடித்துக்கொள்ளும். அதனால் ஊரிலுள்ள பறவைக்காரன் எல்லாம் சாம்பியன் பாட்டை போனில் பிடித்துவந்து குஞ்சுக்குப் போட்டுக் காட்டுவான். பெற்ற மகனுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுக்காத மனுஷன், குஞ்சுக்கு விடிகாலையில் எழுந்து பாட்டு வாத்தியார் வேலை பார்த்தான்.

அந்தச் சாம்பியனின் பெயர் கர்னல். இது கர்னலின் பாட்டு!

"மனுஷ வாடையே படாத காட்டுப் பறவை... கர்னல் பாட்டைப் பாடுதா? எங்கே போய்க் கத்துக்கிச்சு, டியூஷன் வெச்சுதா?"

"கூண்டுல பிறந்த கலப்பு மேடம். ரெண்டு ஜாதிக்குப் பிறந்தது, அதான் மூக்கும் நிறமும் புதுசா இருக்கு. டாக்டர் நகரத்துல யார்கிட்டயோ வாங்கிட்டு வந்து இங்கே 'கண்டுபிடிச்சிருக்கார்'. பாட்டு சமாச்சாரம் அவருக்குத் தெரியல. வெளியூர்க்காரர்... பாவம்."

"பாவம்தான். செத்தே போயிட்டார்."

போன் அலறியது.

மந்திரி ஸ்லெங்கார்ட்!

"இன்ஸ்பெக்டரம்மா! படகோட்டியை உள்ளே தள்ளியாச்சா?"

"சார்... பறவை போலி. நகரத்துக் கூண்டுல வளர்ந்தது. விஷயம் பிசேசருக்குத் தெரிஞ்சிருக்கு. கொலை பண்ண காரணம் அவர்கிட்டதான் இருக்கு."

மந்திரி குரலைத் தாழ்த்தினார்.

"கவனமா கேளுங்கம்மா. பறவை போலின்னா நாட்டு மானம் கப்பலேறிடும். அதனால பறவை நிஜம். பறவை நிஜம்னா பிசேசருக்குக் காரணமே இல்லை. அவருக்குக் காரணம் இல்லைன்னா...?"

"படகோட்டி உள்ளே போவான்."

"அடடா, எவ்வளவு சீக்கிரம் புரிஞ்சுக்கறீங்க!"

"செய்யாத கொலைக்கு எத்தனை வருஷம் சார் இருப்பான்? அவனுக்கு மூணு பொண்ணுங்க."

"அது கோர்ட்டு வேலை. நான் டூரிசம்."

டொக்.

ரூஸ்மினி போனை முறைத்தாள். ஒரு பறவை நிஜமாக வேண்டும் என்பதற்காக ஒரு மனுஷன் பொய்யாக வேண்டுமா?

"மேடம்..." கொட்டகை வாசலில் நின்ற பினாஸ் தயங்கினான். "அந்தக் கர்னல் யாரோட பறவைன்னு தெரியும்ல?"

"தெரியாம என்ன? இப்ப போன்ல பேசினாரே, அவரோடதுதான்! ஆனா அவர் இன்னும் இந்தப் பறவை பாடிக் கேட்கல." கிளம்பினாள். "ஆமொய்தாவை விழாவுக்குக் கூட்டிட்டு வா."

"மந்திரி வாயில விழணுமே மேடம்!"

"இன்னிக்கு நான் நம்பியிருக்கறதே அந்த வாயைத்தான்."

மத்தியானம்.

வலைக்கூண்டைச் சுற்றி ஜனம். கழுத்தில் பைனாகுலரும் காலில் கொசுக்கடியுமாக வெளிநாட்டு டூரிஸ்டுகள். ஒரு பக்கம் படகோட்டிகள், நகரத்திலிருந்து வந்த டிரைவர்கள். டி.வி. மைக்குகளுக்கு முன்னால் மந்திரி முழங்கிக்கொண்டிருந்தார்.

"மனிதக் காலடி படாத கன்னிக்காடு! அங்கே பிறந்து வளர்ந்த இந்தத் தெய்வீகப் பாடகன்..."

தெய்வீகப் பாடகன் சிறகைக் கோதிக்கொண்டிருந்தது. டாக்டரைப் பற்றி யாரும் பேசவில்லை. அவர் ஐஸ் பெட்டியில் மீன்களுக்குப் பக்கத்தில் கிடந்தார்.

ரூஸ்மினி கண்ணைக் காட்டினாள்.

ஆமொய்தா விசிலடித்தான்... மூன்று ஏற்றம் மட்டும்.

பறவை நிமிர்ந்தது. மார்பைத் தூக்கியது.

மூன்று ஏற்றம்... ஒரு சறுக்கல்... வெட்டு!

டூரிஸ்டுகள் பரவசத்தில் கேமராவை அழுத்தினார்கள். டிரைவர்கள் ஒருவரையொருவர் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

மந்திரி சட்டென்று கூண்டுப் பக்கம் திரும்பினார். பாட்டு புரிந்துவிட்டது! ஆனால் மனுஷன் அரசியலில் பழம் தின்று கொட்டை போட்டவர். முகத்தில் சிரிப்பு மாறவில்லை.

"பலே!" ரூஸ்மினி சத்தமாகச் சொன்னாள். "காளிசரண் வக்கீல் பறவை பாடற பாட்டுல்ல இது?"

காளிசரண் எதிர்க்கட்சி. சதுக்கத்தில் கர்னலுக்கு ஜென்ம விரோதியான பறவை அவருடையது.

மந்திரியின் காது சிவந்தது. சிரிப்பு இன்னும் இருந்தது.

"அந்தப் பறவைகிட்டேருந்துதான் கர்னல் இந்தப் பாட்டைத் திருடிச்சுன்னு ஊரே சொல்லுதே சார்!"

"எவன் சொன்னான்?"

மைக்கில் இடி இறங்கியது!

"என் கர்னல் திருடனா? அந்த மூணாவது ஏத்தம் யார் சொத்து தெரியுமா? நான் பழக்கினதும்மா! ஊர்ல இருக்கற குஞ்செல்லாம் கர்னல்கிட்ட கத்துக்கிட்டது! இதோ, கூண்டுல நிக்குதே இதுவும்தான்! கர்னல் பாட்டைக் கேட்டு நகரத்துல வளர்ந்த குஞ்சு இது! எங்கே வேணும்னாலும் சத்தியம் பண்றேன்!"

நுணலும் தன் வாயால் கெடும்.

மந்திரி மைக்குகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் வேலை செய்துகொண்டிருந்தன.

"கேட்டீங்களா... கேட்டீங்களா எல்லாரும்!"

கத்தியது பிசேசர்! மாலையைப் பிய்த்து எறிந்தார்.

"நான் ஏமாத்தினேன்னு நினைப்பீங்க! ஏமாந்தவனே நான்தான்யா! நிஜம்னு நம்பி வீட்டை அடகு வெச்சு இத்தனை அறை கட்டினேன்! 'இது கூண்டுப் பறவையா'ன்னு கேட்டா டாக்டர் சிரிக்கறான்! 'டூரிஸ்டுக்குத் தெரியவா போகுது'ன்னு என் மூஞ்சிக்கு நேரா சிரிக்கறான்! பக்கத்துல துடுப்பு இருந்தது... ஒரே அடி..."

சட்டென்று நிறுத்தினார். நிறுத்த வேண்டிய இடம் ரொம்பப் பின்னால் போயிருந்தது.

பினாஸிடம் இருந்தது ஒரே ஒரு விலங்கு. அது ஆமொய்தாவின் கையிலிருந்து கழன்று பிசேசரின் கைக்குப் போனது. ஆமொய்தா மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதான். ரூஸ்மினி அவன் தோளைத் தட்டினாள்.

"போப்பா, வீட்டுக்குப் போ. பொண்ணுங்க காத்திருக்கும்."

ஒரு வெளிநாட்டு அம்மாள், கழுத்துப் பைனாகுலர் ஆட, கவலையோடு அவளிடம் வந்தாள்.

"அவ்வளவு தூரத்திலிருந்து வந்தோமே! அப்ப உலகம் பார்க்காத புது இனம் எதுவுமே இங்கே கிடையாதா?"

"ஏன் கிடையாது?" மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு நின்றவர் பக்கம் கை காட்டினாள் ரூஸ்மினி. "அதோ... உண்மை பேசின மந்திரி! சத்தம் போடாம கிட்டப் போய் போட்டோ எடுத்துக்கங்க... மிரண்டா மறுபடி காட்டுக்குள்ள ஓடிடும்!"