சாம்பல் ஓவியத்தின் கீழே ஒரு பெட்டி

மேசைக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் குழந்தையைப் பார்க்கப் பாவமாக இருக்கிறது என்று அந்தச் சீட்டில் எழுதியிருந்தது. ஓவியத்தில் மேசையும் கிடையாது, குழந்தையும் கிடையாது.

ஏழாம் கூடத்தின் நடுச்சுவரில் எட்டடிக்குப் பத்தடி, மூலைக்கு மூலை வெறும் சாம்பல் நிறம், அவ்வளவுதான் அந்த ஓவியம். வெள்ளையடிக்க மறந்துபோன சுவர் என்றுதான் அவள் அதற்குப் பெயர் வைத்திருந்தாள். அதன் கீழே ஒரு மரப்பெட்டி, வெள்ளைச் சீட்டுக் கட்டு, நூலில் கட்டிய பென்சில். இதைப் பார்க்கும்போது உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று அருங்காட்சியகம் பார்வையாளர்களைக் கேட்டிருந்தது. அவர்கள் எழுதிப் போட்டதை நாலு மணிக்கு அள்ளிக்கொண்டு போய்ப் பின்னறையில் கம்ப்யூட்டரில் ஏற்றுவது அவள் வேலை. மழை, அமைதி, தலைவலி, போன வருஷம் செத்துப்போன நாய் என்று ஆளுக்கொன்று எழுதுவார்கள். குழந்தைச் சீட்டு யாரோ குறும்புக்காரருடைய வேலை என்று கசக்கிக் கூடையில் போட்டாள்.

மறுநாள் அதே குழந்தையைப் பற்றி நாலு சீட்டுகள், நாலு கையெழுத்து. தரை கழுவிய மருந்து வாசனையும், குழல்விளக்கின் விடாத ரீங்காரமும், கூடத்திலிருந்து வாசலை நோக்கிப் போகும் செருப்புச் சத்தங்கள் ஒவ்வொன்றாகத் தேய்ந்து அடங்குவதும் அந்தப் பின்னறையில் அவளுக்குப் பழகிப்போனவைதான். அன்றைக்கு ஏனோ ஒவ்வொன்றும் பிடரிக்குப் பின்னால் வந்து நிற்பதுபோல் இருந்தது. 'குழந்தை முழங்காலைக் கட்டிக்கொண்டிருக்கிறது.' 'ஒரு காலில் மட்டும்தான் சாக்ஸ்.' 'பெண் குழந்தை, எட்டு வயது இருக்கும்.' நாலாவது, நடுங்கும் முதிய கை: 'மேசை ஆடாமலிருக்க ஒரு காலுக்கு அடியில் மடித்த சீட்டு வைத்திருக்கிறார்கள்.'

அதை அவள் மூன்று முறை படித்தாள். போன மாதம் இங்கிருந்து எடுத்துப்போன சீட்டுகளை மடித்துத் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு அண்டை கொடுத்தது அவளேதான். மகளைத் தவிர யாருக்கும் அது தெரியாது.

மகளுக்கு எட்டு வயது. அப்பா கப்பலில் வேலை செய்கிறார், வருஷத்தில் இரண்டு மாதம்தான் வீட்டுக்கு வருவார். மூன்றரைக்குப் பள்ளி விட்டு வந்து, கழுத்தில் தொங்கும் சாவியால் திறந்து, உள்ளே தாழ் போட்டுக்கொண்டு ஆறு மணி வரை தனியாக இருப்பாள். யார் தட்டினாலும் திறக்கக் கூடாது என்பது உத்தரவு. என் பெண் ரொம்பச் சமர்த்து என்று அவள் எல்லோரிடமும் பீற்றிக்கொள்வாள். சொல்லும்போதெல்லாம் நெஞ்சுக்குள் முள்ளாகக் குத்தும்.

மூன்றாம் நாள் பெட்டியைத் திறக்கப் போனபோது காவலரிடம் கேட்டாள். கூடத்துக்குள் நிற்க வேண்டியவர், நாற்காலியை வெளியே போட்டு உட்கார்ந்திருந்தார்.

"யாருண்ணே இப்படியெல்லாம் எழுதிப் போடறது?"

"எல்லாருந்தாம்மா. கொஞ்ச நேரம் பாப்பாங்க, மூஞ்சி மாறும், குனிஞ்சு எழுதுவாங்க." அவர் குரல் இறங்கியது. "உனக்கு ஒண்ணும் தெரியலையா?"

"என்னது?"

"நான் இப்பல்லாம் அந்தப் பக்கமே பாக்கறதில்ல. அந்தப் பொண்ணு காதைப் பொத்திக்கிட்டு உக்காந்திருக்கு. என்னால பாக்க முடியலம்மா."

அவள் ஓவியத்தின் முன்னால் போய் நின்றாள். தூரிகை போன தடம் தெரிந்தது. கண்ணில் நீர் வரும்வரை பார்த்தாள். சாம்பல். தன் வயிற்றில் பிறந்தது ஊருக்கெல்லாம் தெரிகிறது, தனக்குத் தெரியவில்லையே என்று அழுகை முட்டியது.

அன்றைக்கு முப்பத்தொரு சீட்டுகள். எல்லாவற்றிலும் குழந்தை. கடைசி ஐந்தில் கதவும் இருந்தது. 'கதவுக்கு வெளியே யாரோ நிற்கிறார்கள்.'

வீட்டுக்குப் போன் செய்தாள்.

"எங்கடா இருக்கே?"

"மேசைக்கு அடியில."

"ஏன் கண்ணு?"

"இங்கதான் சத்தம் கம்மியா கேக்கும்."

"என்ன சத்தம்?"

"நீ கதவத் தட்டுற சத்தம்தான். தெனமும் தட்டிட்டு, தெறம்மான்னு கூப்பிடுறியே. யாருக்கும் தெறக்கக் கூடாதுன்னு நீதானே சொன்னே, அதான் தெறக்கல."

"அது நான் இல்லடா. நான் ஆபீஸ்ல இருக்கேன். தெறக்காத. எது கூப்பிட்டாலும் தெறக்காத."

ரகசியம் போல: "வெளிய இருக்கிற அம்மாவும் அதையேதான் சொல்றாங்க. போன்ல பேசறது நான் இல்லன்னு."

"நான்தான்டா அம்மா. என் குரல் உனக்குத் தெரியாதா?"

"தெரியும்." கொஞ்சம் யோசித்துச் சொன்னாள். "ஆனா அந்த அம்மா தெனமும் சீக்கிரமா வர்றாங்க."

இணைப்பு அறுந்தது.

மறுபடி போன் அடித்துக்கொண்டே ஓடினாள். மணி போய்க்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. வாசலுக்குப் போக ஏழாம் கூடத்தைத் தாண்ட வேண்டும். அங்கே கூட்டம். நாற்பது பேர் இருக்கும். பேச்சில்லை. அத்தனை முகமும் ஓவியத்தைப் பார்த்தபடி.

எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

இடித்துக்கொண்டு நுழைந்தவளின் கையை ஒரு வயதான பெண்மணி பிடித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அம்மா வந்துட்டாங்கம்மா. கொழந்தை கதவத் தெறந்துடுச்சு. இப்பதான் மனசு ஆறுது."

அவள் பார்த்தாள். சாம்பல். வெறும் சாம்பல்.

தலைகள் திரும்பத் தொடங்கின. எல்லாம் ஒன்றாக. மெதுவாக. இடமிருந்து வலம். கைபிடித்து நடக்கும் இரண்டு பேரைக் கண்ணால் வழியனுப்புவதுபோல். ஓவியத்தின் விளிம்பு வரை போயின. நின்றன.

காதில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

அப்பாவின் தோளில் இருந்த ஒரு சின்னக் குழந்தை, அந்த வெறும் மூலையைப் பார்த்து டாட்டா காட்டியது.