அவன் நிற்காத இடத்திலிருந்து

முதல் படத்தில் தரை அதிகமாக விழுந்திருந்தது.

பழைய சுங்கக் கட்டடத்தின் வாசல்படி படத்தின் கீழ் விளிம்பைத் தொடும்படிதான் புகைப்படக்காரன் பார்த்து எடுத்திருந்தான். பத்து நிமிடத்தில் தெளிந்து வந்த படத்திலோ படிக்குக் கீழே துறைமேடைக் கற்கள் இரண்டு வரிசை தெரிந்தன. எடுத்தவுடன் படத்தை முன்வாயால் தள்ளிவிடும் பழைய கேமரா அது. கண் வைக்கும் துளை ஓரிடம், லென்ஸ் ஓரிடம். கொஞ்சம் தப்பும். படத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"வயித்த உள்ள இழுங்க அத்தான். அக்கா இருந்திருந்தா உங்கள இப்படி ஊத விட்டிருப்பாளா?" என்றான் மைத்துனன், சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டே.

துறைமுக அலுவலகத்தில் அவன் குமாஸ்தா. பூட்டிக் கிடக்கும் பழைய கட்டடங்களின் சாவியெல்லாம் அவனிடம்தான். அவற்றைப் படமெடுக்க ஆள் தேவை என்று அலுவலகம் சொன்னபோது அத்தானின் பெயரைக் கொடுத்தவனும் அவன்தான். புகைப்படக்காரன் இரண்டு முறை முடியாது என்று சொல்லிப் பார்த்தான். மூன்றாம் முறை சொல்லக் காரணம் கிடைக்கவில்லை.

மேகம் மூடிய பிற்பகல். காற்று இல்லை. நனைந்த கயிறும் டீசலும் அழுகிய பாசியும் கலந்த வாடை தொண்டையில் ஒட்டியது. மேடைக்கு அடியில் எங்கோ பொந்துக்குள் புகுந்த நீர், யாரோ மூச்சு வாங்குவதுபோல, உள்ளே போய் வெளியே வந்து மறுபடி உள்ளே போனது. மைத்துனன் கரடுமுரடான கற்களின்மேல் வெறுங்காலோடு நடந்தான்.

"கால் குத்தலையா?"

"செருப்ப விட்டு ஆறு வருஷமாச்சே, தோல் மரத்துப்போச்சு. ஆபீஸ்ல என்னைச் சாமியார்னு கூப்பிடுறாங்க." சிரித்தான். பிறகு சிரிப்பு அடங்கியது. "செருப்பப் பார்த்தாலே அவ ஞாபகம் வந்துடுது. கடைக்காரன் அப்பவே சொன்னான் அத்தான், அடி வழவழன்னு இருக்குன்னு. முதல் சம்பளம், கலர் நல்லா இருக்குன்னு வாங்கிக் குடுத்துட்டேன். நான் மட்டும் அத வாங்காம இருந்திருந்தா..."

புகைப்படக்காரன் வாயைத் திறந்தான்.

"விடு," என்றான். "போனது போச்சு."

செருப்பு வழுக்கவில்லை. அவள் செருப்பே போட்டிருக்கவில்லை. கழற்றி அவன் காலருகே ஜோடியாக வைத்துவிட்டு, இதே மேடையின் ஓரத்துக்குப் போய்க் கடலுக்கு முதுகு காட்டி நின்றாள். அன்றும் இதே கேமராதான்; அதில் காட்சியைத் தள்ளி வைக்க வழியில்லை. ஆள்தான் தள்ள வேண்டும். துளையில் கண்ணை வைத்தபடி, இடது கையை ஆட்டி, "இன்னும் கொஞ்சம் பின்னால, இன்னும் கொஞ்சம்" என்றான். துளை வழியே பார்க்க ஓரம் எட்டத்தில் தெரிந்தது. எட்டத்தில் இல்லை. யாரும் வந்து சேர்வதற்குள் செருப்புகளைத் தண்ணீரில் தள்ளினான். ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லாரும் சூழ்ந்து கேட்டபோது 'செருப்பு வழுக்கிடுச்சு' என்ற இரண்டு சொல் வாயிலிருந்து வந்தது. அதோடு முடிந்தது. அவனுக்கு.

அடுத்து சரக்குக் கிடங்கைப் படமெடுத்தான். கயிறு கட்டும் இரும்புக் குற்றி ஒன்றில் முதுகைச் சாய்த்துக்கொண்டு எடுத்தான். படம் தெளிந்தபோது அந்தக் குற்றி படத்துக்குள் இருந்தது.

திரும்பிப் பார்த்தான். குற்றிக்குப் பின்னால் நாலு அடி கல். அப்புறம் கடல்.

மூன்றாவது, மணிக்கூண்டு. படத்தின் அடியில் ஒரு ஜோடி ஷூக்களின் குதிகால்கள். அவனுடையவை.

"காட்டுங்க அத்தான்."

"இன்னும் தெளியல."

நான்காவது, கப்பல் ஏஜென்ட் மாளிகை. அதில் மாளிகை சிறிதாக இருந்தது. அதை மறைத்துக்கொண்டு அவன் முதுகு. சட்டையில் வியர்வை ஊறிய இடம்கூடத் தெரிந்தது. எடுத்தவர் அவனுக்குப் பின்னால், நன்றாகத் தள்ளி, மேடையின் ஓரத்தில் நின்று எடுத்திருக்க வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் ஓரடி பின்னால் போயிருக்க வேண்டும்.

சொன்னபடி கேட்டு.

நீரின் சத்தம் நின்றிருந்தது.

"போதும். கிளம்பலாம்."

"ஒண்ணே ஒண்ணு." மைத்துனன் மேடையின் ஓரத்தைக் காட்டினான். "அக்கா நின்ன இடம். அம்மா கேட்டுக்கிட்டே இருக்காங்க. நீங்க எடுத்துக் குடுத்தா நல்லா இருக்கும்."

"வேண்டாம்டா."

"அம்மாவுக்காக அத்தான்."

புகைப்படக்காரன் கடலைப் பார்த்து நின்றான். துளையில் கண்ணை வைத்தான். கல். ஓரம். சாம்பல் நீர். வேறொன்றும் இல்லை. அழுத்தினான். கேமரா உறுமியது. படம் வந்தது.

அவன் எடுப்பதற்குள் மைத்துனன் உருவிக்கொண்டான்.

"கொடு."

"இருங்க, தெளியுது." அவன் நெற்றி சுருங்கியது. "கடலக் காணோமே."

படத்தில் கடல் இல்லை. மேடையின் கல் விளிம்பு குறுக்கே ஓடியது, மிகக் கீழே இருந்து அண்ணாந்து பார்த்ததுபோல. அதற்கு அப்பால் புகைப்படக்காரன், முகத்தோடு. ஒரு கண்ணைக் கேமரா மறைத்திருந்தது. இடது கை, போ போ என்று தள்ளும் வாக்கில் உயர்ந்திருந்தது. காலருகே ஒரு ஜோடி பெண்கள் செருப்பு. மஞ்சள் நிறம்.

மைத்துனன் வெகுநேரம் பார்த்தான்.

"கழட்டி வச்சிருக்கா," என்றான். குரலில் காற்று மட்டும்தான் இருந்தது. "இத யார் எடுத்தது, அத்தான்?"

புகைப்படக்காரன் கேமராவை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்தான்.

படம் இன்னும் தெளிந்துகொண்டிருந்தது. கல் விளிம்பின்மேல் ஏதோ வெளிறிப் படர்ந்தது. எட்டு விரல்கள்.

படம் கீழே விழுந்தது. மைத்துனன் ஓடினான். வெறுங்கால்கள் கல்லில் அறைந்தன. ஓரத்தில் குப்புற விழுந்து, தோள்வரை கையைக் கீழே நீட்டினான்.

"அக்கா!"

கீழே துழாவினான்.

பிறகு அந்தக் கை விறைத்தது. தோள் ஒரு சாண் கீழே இழுபட்டு நின்றது.

"அத்தான், வந்து பிடிங்க. கனக்குது."

புகைப்படக்காரன் நின்ற இடத்திலேயே நின்றான். இரண்டு கைகளும் கேமராவைப் பிடித்திருந்தன. அவை விடவில்லை.

"அத்தான்!"

மைத்துனன் பல்லைக் கடித்து இழுத்தான். முழங்கை மேலே வந்தது. மணிக்கட்டு வந்தது. அதைச் சுற்றி இறுகியிருந்த ஈரமான விரல்கள் வந்தன.