கதவைத் தட்டும் விளையாட்டு

"அதிலை கை வைக்காதை வசந்தா! சரஸ்வதிக்கு வைச்சாச்சு!"

சமையலறையிலிருந்து மச்சாளின், கணவனின் அக்கா மனோன்மணியின், குரல் வந்ததும், நீட்டிய கையை வசந்தகுமாரி அப்படியே இழுத்துக்கொண்டாள்.

நோர்வேயில், ஹவுகன்ஸ்டுவாவில் நான்காம் மாடி வீடு. வரவேற்பறை மூலையில் நவராத்திரிக் கும்பம். அதற்கு முன்னால் தேவாரப் புத்தகம், நோர்வேஜிய அகராதி, கத்தரிக்கோல், தையல் பெட்டி... அவற்றோடு, சிவப்புப் பட்டு போர்த்தி, சந்தனமும் குங்குமமும் வைத்த கணினிப் பெட்டி! நேற்று அவள் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து மச்சாள் வயர்களைக் கழற்றித் தூக்கி வைத்திருக்கிறாள். இனி நாளைக் காலை விஜயதசமிப் பூசை முடியும்வரை அதை யாரும் தொடக்கூடாது.

ஆனால் அதற்குள் இருப்பது இன்று பகல் பன்னிரண்டு மணிக்குள் நகரத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.

"மச்சாள்... பத்து நிமிஷம். ஒரு சீடியிலை ஏத்திப்போட்டு, இருந்த மாதிரியே வைச்சுவிடுறன்..."

"என்ன பிள்ளை கதைக்கிறாய்? நீ படிக்கிற சாமான் எண்டுதானே நான் வைச்சனான்! வைச்சதை இடையிலை எடுத்தால் படிப்பு ஏறுமோ?"

இரவு முழுக்க பஸ் கழுவிவிட்டு வந்த கணவன் சச்சிதானந்தன் ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றான்.

"அப்பிடி என்ன அவசரம் உனக்கு?"

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் அவளை மதிப்போடு 'நீர்' என்றே அழைத்து வந்தவன். இன்று 'நீ' என்றான்.

"ஒவ்வொரு நாளும் வேலையாலை வந்து உந்தப் பெட்டியைத் தொட்டுப் பாக்கிறனான். சுடுகுது! விடிய நாலு மணிக்கு எழும்பி ஆரோடை கதைக்கிறாய்? லோறென்ஸ்கூக்கிலை ஒரு குடும்பம் இப்பிடித்தான் இன்டர்நெட்டாலை குலைஞ்சு போச்சு... எனக்கு ஒண்டும் தெரியாதெண்டு நினைச்சியோ?"

அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. இத்தனை நாளும் இந்த மனிதன் மனதில் இதையா வைத்திருந்தான்?

"நான் ஆரோடையும் கதைக்கேல்லை. நான்... ஒரு விளையாட்டுச் செய்யிறன்."

"விளையாட்டோ! முப்பத்தெட்டு வயசிலை விளையாட்டோ!" மனோன்மணி சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்று, முகம் கோணிப் போயிற்று. "ஆறு வருஷமாய் நானும் இந்த வீட்டிலை இருக்கிறன். அந்தப் பெட்டிக்கு முன்னாலை இருந்து தனியச் சிரிக்கிறாய். என்னோடை ஒருநாளாவது இருந்து சிரிச்சனியோடி?"

வசந்தகுமாரி வாயைத் திறந்தாள். பதில் இருந்தது. ஆனால் அந்தப் பதிலும் பட்டுத் துணிக்குள்தான் இருந்தது.

ஆறு வருடத்துக்கு முன், புருஷனை இழந்த மனோன்மணி தம்பியிடம் வந்து சேர்ந்த அதே மாதம்தான் வசந்தகுமாரியின் நோர்வேஜிய மொழி வகுப்பும் நின்றது. மச்சாளுக்கு முழங்காலில் ஆபரேஷன். வீட்டில் ஒருவர் இருக்க வேண்டும். வகுப்பை விடு என்று யாரும் சொல்லவில்லை. விட்டபோது ஏன் என்றும் யாரும் கேட்கவில்லை. அவளும் முணுமுணுக்காமல் கஞ்சி வைத்தாள், காலுக்கு எண்ணெய் தேய்த்தாள்.

பிறகு ஸ்டோவ்னரில் ஒரு பள்ளிக்கூடத்தின் பழைய சாமான் விற்பனையில் ஒரு கணினி விளையாட்டு கிடைத்தது. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு அதை விளையாடினாள். வகுப்பு தராத மொழியை அது தந்தது. கொஞ்ச நாளில் சொற்களைவிட வேறு கேள்விகள் அவளைப் பிடித்துக்கொண்டன. இந்த விளக்கு ஏன் இங்கே எரிகிறது? வழி தெரியாமல் நிற்கிறவனுக்கு ஏன் இந்த ஆட்டம் கோபப்படாமல் காத்திருக்கிறது, மற்றது ஏன் உடனே கொன்றுபோடுகிறது?

யோசிக்க யோசிக்க அவளுக்கு ஒன்று விளங்கியது. கஷ்டமான விளையாட்டை யாரும் செய்யலாம். 'நானே கண்டுபிடித்தேன்' என்று ஆடுகிறவரை நினைக்க வைப்பதுதான் கெட்டித்தனம். வீட்டுக்கு வந்தவரிடம் தண்ணீர் இங்கே இருக்கிறது என்று சொல்லக்கூடாது. கண்படுகிற இடத்தில் செம்பை வைத்துவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும். அவர் தடுமாறினால் செம்பை வைத்தவளின் பிழை.

இதையெல்லாம் சொல்ல அவளுக்கு ஒருவரும் இருக்கவில்லை. கட்டம் போட்ட கொப்பியில் எழுதி வைத்தாள். அவள் கூட்டித் துடைக்கும் அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையில்தான் ஒருநாள் அந்தக் காகிதத்தைக் கண்டாள்: விளையாட்டு வடிவமைப்பு, ஒரு வருடப் படிப்பு. சேர விரும்புகிறவர் தானே செய்த பத்து நிமிட விளையாட்டு ஒன்றைக் கொண்டுவர வேண்டும். அன்றிலிருந்து விடிய நாலு மணிக்கு எழும்பி, கணினியில் தட்டுத்தடுமாறிப் பழகி, ஒரு விளையாட்டைச் செய்தாள். இடம் கிடைத்தால் வீட்டில் சொல்வோம், கிடைக்காவிட்டால் யாருக்கும் தெரியவே வேண்டாம் என்று இருந்துவிட்டாள். அதுதான் இப்போது கழுத்தை அறுத்தது.

"நான் இதைத் தொடமாட்டன்," என்றாள். "பூசையைக் குழப்பினவள் எண்டு பேர் வாங்க எனக்கு விருப்பமில்லை. நாளைக்கு நீங்களே திறந்து பாருங்கோ. அதுக்குப் பிறகு என்னை என்ன வேணுமெண்டாலும் சொல்லுங்கோ!"

கொப்பியை மட்டும் எடுத்துக்கொண்டு ரயிலுக்கு நடந்தாள். ஒக்டோபர் மாதக் குளிர் காதைக் கடித்தது. ரயிலில் எதிரே இருந்தவர்கள் ஜன்னலைப் பார்த்தார்கள். அவளும் ஜன்னலைப் பார்த்தாள், அழுவது தெரியாமல் இருக்க.

பள்ளிக்கூடத்தில் நரைத்த தலைப் பெண் ஒருத்தியும் தாடிக்காரர் ஒருவரும் இருந்தார்கள். கணினி சாமிக்கு முன்னால் இருக்கிறது என்று அவள் சொன்னபோது இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவள் கொப்பித் தாளைக் கிழித்து மேசையில் பரப்பினாள். ஒரு வீடு, அதற்குள் சில சாமான்கள், ஒரு மாடிப்படி, பத்துக் கதவுகள். தன் கோட்டிலிருந்து ஒரு பொத்தானைப் பிய்த்து வீட்டுக்குள் வைத்தாள்.

"இந்தப் பொத்தான் ஒரு பெண். அவள் நீங்கள்," என்றாள் நோர்வேஜிய மொழியில்.

நரைத்த தலைப் பெண் பொத்தானை வெளியே நகர்த்திக் கதவுகளைத் தட்டினாள். எதுவும் திறக்கவில்லை. ஏழாவது கதவில் நின்றுவிட்டாள். வழியைச் சொல்லிவிட வசந்தகுமாரியின் நாக்கு துடித்தது. பல்லால் கடித்து அடக்கினாள்.

"கண்டுபிடிக்க முடியவில்லை," என்றாள் அந்தப் பெண்.

"என்னுடைய பிழை. உங்களுடையதில்லை," என்றாள் வசந்தகுமாரி.

தாடிக்காரர் தாளிலிருந்து நிமிர்ந்து அவளைப் பார்த்தார். எதையோ குறித்துக்கொண்டார். நாளை பன்னிரண்டு மணிவரை சீடியைத் தரலாம், அதற்கு மேல் ஒரு நிமிடமும் இல்லை என்றார்.

அன்று வீட்டில் மூன்று பேரும் மூன்று நேரத்தில் தனித்தனியே சாப்பிட்டார்கள்.

விஜயதசமி விடிந்தது. சச்சிதானந்தன் வேலையால் வந்ததும் மனோன்மணி கற்பூரம் காட்டினாள். தேவாரப் புத்தகத்தை எடுத்து ஒரு பாட்டுப் பாடினாள். கத்தரிக்கோலால் ஒரு துண்டுத் துணி வெட்டினாள். பிறகு கணினியின் மேலிருந்த பட்டை விலக்கினாள்.

"பூசையிலை வைச்சதை இண்டைக்குத் தொடக்க வேணும். வா. என்ன கிடக்கெண்டு நானும் பாக்கப் போறன்."

சச்சிதானந்தன் கையைக் கட்டிக்கொண்டு வாசல் நிலையில் சாய்ந்து நின்றான். வசந்தகுமாரி வயர்களைப் பூட்டினாள். மச்சாளையே கதிரையில் இருத்தி, விரலைப் பிடித்து அம்புக்குறி விசைகளில் வைத்தாள்.

திரையில் ஓர் அறை. ஜன்னலுக்கு வெளியே பனி. மேசையில் அடிக்காத டெலிபோன். நடுவே பச்சைக் கம்பளிச் சட்டை போட்ட ஒரு பெண், ஒரு கையை முழங்காலில் ஊன்றியபடி நின்றாள்.

மனோன்மணி தன் கையைக் குனிந்து பார்த்தாள். அதே பச்சைக் கம்பளிச் சட்டை.

"இந்த மனிசி ஏன் சும்மா நிக்குது?"

"நீங்கள் அசைச்சால்தான் அவ அசைவா மச்சாள்."

மனோன்மணி அசைக்கவில்லை. திரையில் பனி விழுந்துகொண்டே இருந்தது.

"ஓம்... இப்பிடித்தான்," என்றாள் மெதுவாக. "நீ வேலைக்குப் போய், அவன் நித்திரையெண்டால் இந்த வீடு இப்பிடித்தான் கிடக்கும்."

பிறகு விசையை அழுத்தினாள். பச்சைச் சட்டைப் பெண் நொண்டி நொண்டி வெளியே போய்க் கதவுகளைத் தட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று...

"பாத்தியோ? ஒருத்தரும் திறக்க மாட்டினம்."

வசந்தகுமாரி நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

திடீரென்று மனோன்மணி நெற்றியில் அடித்துக்கொண்டாள். "விசரி! வெறுங்கையோடை ஆர் ஒரு வீட்டுக்குப் போறது!"

பெண்ணைத் திருப்பிக் கூட்டிவந்து சமையலறைக்குள் விட்டாள். அங்கே ஒரு தட்டு இருந்தது. அதை எடுத்துக்கொண்டு போய் மூன்றாவது கதவைத் தட்டினாள். கிரீச்சென்று கதவு திறந்தது. உள்ளே ஒரு விளக்கு, இரண்டு கதிரை, இரண்டு கோப்பை. ஆட்டம் முடிந்தது.

மனோன்மணியின் தோள்கள் குலுங்கின. "நான் தனியக் கிடக்கிறதைப் பாத்துக்கொண்டோடி இருந்தனி...?"

"பாத்தன் மச்சாள். என்ன சொல்லுறதெண்டு எனக்குத் தெரியேல்லை. வாயாலை சொல்லத் தெரியாமல்தான் இதைச் செய்தன். நானும் தனியத்தான் கிடந்தன்..."

மனோன்மணி அவளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். இருவரும் விட்டு அழுதார்கள்.

சச்சிதானந்தன் வாசல் நிலையை விட்டு உள்ளே வந்தான். "சூட்டைத் தொட்டுப் பாத்தன். என்னெண்டு ஒருநாளும் கேக்கேல்லை," என்றான். "என்ரை பிழை வசந்தா. உம்மடை சீடியைத் தாரும். நான் கொண்டுபோய்க் குடுக்கிறன்."

"கொஞ்சம் நில்லுங்கோ." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு விளையாட்டில் ஒன்றை மட்டும் மாற்றினாள். சமையலறையில் இருந்த தட்டை எடுத்து, வாசலில் சப்பாத்து வைக்கும் பலகையின்மேல், கண்படுகிற இடத்தில் வைத்தாள். பிறகு சீடியில் ஏற்றினாள். இரவு முழுக்க வேலை செய்த மனிதன் தூங்காமல் காரை எடுத்தான். பதினொன்றரைக்குச் சீடி கைமாறிவிட்டது.

நவம்பர் கடைசியில் கடிதம் வந்தது. கீழே தபால் பெட்டிக்கு முன்னாலேயே பிரித்தாள். நம்ப முடியாமல் மூன்று தடவை வாசித்தாள். ஜனவரியிலிருந்து அவளுக்கு இடம்! பன்னிரண்டு வருடத்தில் இந்த ஊரில் அவள் பெயருக்கு வந்த முதல் நல்ல கடிதம். மச்சாளிடம் சொல்ல இரண்டு இரண்டு படியாய் ஏறினாள்.

நான்காம் மாடிக்கு இன்னும் பாதிப் படிகள் இருக்கையில் நின்றுவிட்டாள்.

மேலே, எதிர்வீட்டுக் கதவுக்கு முன்னால் மனோன்மணி நின்றாள். அந்த வீட்டில் தனியே வாழும் நோர்வேஜிய மூதாட்டியோடு மச்சாள் ஆறு வருடத்தில் ஒரு வார்த்தை பேசியதில்லை. பச்சைக் கம்பளிச் சட்டை. ஒரு கையில் துணி மூடிய தட்டில் சூடான வடை. மற்றக் கை கதவு வரைக்கும் போய், தட்டாமல் அந்தரத்தில் நின்றது. ஒரு தடவை தன் வீட்டுப் பக்கம் திரும்பினாள். மறுபடி கதவைப் பார்த்தாள்.

வசந்தகுமாரியின் நெஞ்சு முழுக்கக் கடிதம் இருந்தது. மச்சாள் என்று கூப்பிடவும், தட்டுங்கோ என்று சொல்லவும் வாய் வரை வந்துவிட்டது.

அவள் சொல்லவில்லை. கைப்பிடியைப் பிடித்தபடி, மூச்சையும் அடக்கிக்கொண்டு, இருட்டுப் படியிலேயே நின்றாள்.

மேலே, மூன்று தரம் கதவு தட்டப்பட்டது.